இரண்டு தடவையில் பாஸ் செய்த மகனுக்கு

அன்புள்ள மகன் சூசைக்கு,

தங்கச்சிமடத்தில் எல்லோரும் சுகம், அங்கே உன் சுகத்துக்கு எழுது என்று ஆரம்பித்து, மெல்ல விஷயத்துக்கு வருகிற பொறுமை எனக்கு இப்போது இல்லை. நீ உன் தங்கச்சி பிலோமிக்கு எழுதிய கடிதம் புதன்கிழமை வந்தது. அவள் படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். பி.ஏ.வுக்கு ஃபார்ம் போடாதே, மார்ச்சில் ஒரு தடவை செப்டம்பரில் ஒரு தடவை என்று இரண்டு தடவையில் பாஸ் செய்தவர்களைப் பெரிய காலேஜ்காரர்கள் மனுஷராகவே மதிக்க மாட்டார்கள், பதில்கூடப் போட மாட்டார்கள், நான் காத்துக் கிடந்து பட்டது போதும், நீயும் படாதே என்று எழுதியிருக்கிறாய். நீ சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. பூர்த்தி செய்து வைத்திருந்த ஃபார்மை மடித்து டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மீன் கழுவ உட்கார்ந்தாள். அழக்கூட இல்லை. அந்த ஃபார்ம் போய்ச் சேர வேண்டிய கடைசி நாள் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. இன்றைக்கு வியாழன். எனக்கு எட்டு நாள் இருக்கிறது. நீ எழுதியது தப்பு, சூசை. அந்தத் தப்பான பாடத்தை உனக்குச் சொல்லிக்கொடுத்தது எந்தக் காலேஜும் இல்லை, நான்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் காகிதம்.

எனக்கு வாய் நீளம் என்று இந்தத் தீவுக்கே தெரியும். மீன் ஏலம் கூறுகிறவன்கூட என்னிடம் வாய் கொடுக்க யோசிப்பான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாலு வருஷமாக வாயில் கொழுக்கட்டை. நேற்றிலிருந்து இதை எழுத உட்காருவதும் எழுந்துபோவதுமாக இருக்கிறேன். அடுப்பில் உலை வைத்திருப்பதாக நினைத்து ஓடினால் உலையே வைத்திருக்கவில்லை. கச்சான் காற்று மண்ணை வாரிக் காகிதத்தின் மேல் போடுகிறது, தட்டித் தட்டி எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ இன்டர்மீடியட் படித்த அந்தச் சின்னக் காலேஜில் இரண்டு வருஷத்துக்கு மேல் படிப்பு கிடையாது. அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் மதுரைக்கோ திருச்சிக்கோ பெரிய காலேஜுக்கு மாறியாக வேண்டும். அந்த மார்ச் பரீட்சை முடிவு வந்தபோது நீ வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவன் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. முதல் பாகம் இங்கிலீஷ் பாஸ், இரண்டாம் பாகம் தமிழ் பாஸ், மூன்றாம் பாகத்தில் பௌதிகம் காலை வாரிவிட்டது. பாஸா ஃபெயிலா ஒன்றைச் சொல், அது என்ன பாதிப் பாஸ் என்று நான் உன்னைப் பிய்த்து எடுத்தேன். நீ எழுந்து உட்கார்ந்து விளக்கினாய். தேறிய பாகம் தேறியதுதான், அதை மறுபடி எழுத வேண்டாம், மூன்றாம் பாகத்தை மட்டும் செப்டம்பரில் எழுதினால் போதும், ஆனால் இன்டரையே எடுத்துவிட்டுப் பி.யு.சி. கொண்டுவந்துவிட்டார்கள், பழைய ஆட்களுக்கு இதோடு சரி என்றாய். உன் அய்யா வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல், "அப்ப முக்காவாசி வள்ளம் கரையேறிருச்சு. மிச்சத்தையும் இழுத்துருவம்லே" என்றார். நீ சிரித்துவிட்டாய். அந்தச் சிரிப்பு உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, எனக்கு இருக்கிறது. உன் அய்யா உன் படிப்புக்கு எதிரி என்று நீ முடிவு கட்டுவதற்கு முந்திய காலம் அது.

செப்டம்பரில் எழுதினாய், பாஸும் செய்தாய். ஆனாலும் உனக்கு அரிப்பு அடங்கவில்லை. இரண்டு தடவையில் பாஸ் செய்ததைப் பெரிய காலேஜில் ஒத்துக்கொள்வார்களா, இன்டரில் படித்த இரண்டு வருஷத்தையும் கணக்கில் எடுத்து நேராக டிகிரி இரண்டாம் வருஷத்தில் சேர்ப்பார்களா, இல்லை முதல் வருஷத்தில் பொடிப் பையன்களோடு உட்காரவைப்பார்களா என்று பார்க்கிறவர்களை எல்லாம் கேட்டாய். கான்வென்ட் பெரிய மதரைக் கேட்டாய், ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்டாய். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர் சேர்ப்பார்கள் என்பார், உன் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆகும். அடுத்தவர் உதட்டைப் பிதுக்குவார், அன்றைக்கு நீ சாப்பிட மாட்டாய். ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு ஒரு பிள்ளை ஏழு மாசம் அலைந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டும் அப்படிச் செய்தேன் என்பதுதான் நான் சொல்ல வருவது.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் மதுரைக் காலேஜிலிருந்து ஃபார்ம் வந்தது. அப்போது நாம் தென்கடலில் இருந்தோம். வாடைக்காற்று மாசங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கரையில் வாடி என்று ஓலைக்குடிசை போட்டுத் தொழில் பார்ப்போம். கச்சான் எழுந்துவிட்டால் தென்கடல் ஆகாது, வாடிக் கதவைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு வடகரைக்கு வந்துவிடுவோம். நீ உன் பாகத்தை எல்லாம் அழகாக எழுதி வைத்துவிட்டு, டி.சி.யும் இரண்டு தடவைக்குரிய மார்க்குச் சீட்டுகளும் வாங்கிவரப் பழைய காலேஜுக்குப் போயிருந்தாய். காப்பாளர் பெயர், விலாசம், கையொப்பம் என்ற இடம் மட்டும் பாக்கி. உன் அய்யா பெருவிரலை உருட்டினார், விலாசத்தை நான் எழுதினேன். கன்னியர் மடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள் என்ற மிதப்பு எனக்கு. தென்கடலில் இருந்தோம், தென்கடல் வாடி என்று எழுதி, நீ வருவதற்குள் நானே தபாலிலும் சேர்த்துவிட்டேன். வீடு எங்கே என்று கேட்டால் இன்றைக்குக் காற்று எங்கே வைத்திருக்கிறதோ அதைத்தானே நம் ஜனங்கள் சொல்வோம்? பதில் ஜூனில் வரும், ஜூனில் நாம் அங்கே இருக்க மாட்டோம் என்று படிக்காத அப்பாவிக்குத் தோன்றாமல் போனால் சரி, படித்தவளுக்கும் தோன்றவில்லை. இதுவரைக்கும் என்னிடம் இருந்தது மடத்தனம் மட்டும்தான். பாவம் இனிமேல்தான் வருகிறது.

அந்த வருஷம் கச்சான் முந்திக்கொண்டது. நீ காலேஜ் ஊரிலிருந்து திரும்பும்போது நாங்கள் வடகரைக்கு வந்தாகிவிட்டது. காப்பாளர் விலாசமாக நான் என்ன எழுதினேன் என்று நீ கேட்கவில்லை, ஊர்ப்பேர் எழுதியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டாய். ஜூன் பிறந்தது. நீ தினமும் தபால்காரர் வருகிற தடத்தில் போய் நின்றாய். ஜூன் கடைசியில் ஒருநாள் பக்கத்து வீட்டுச் சவேரியம்மா தென்கரைப் பக்கம் விறகு பொறுக்கப் போய்விட்டு வந்தவள் என்னிடம், "ஒங்க வாடிக் கதவுல ஒரு காயிதம் செருகிக் கெடக்கு மதினி. கயிறு கட்டுன வாடி, நாங்க யாரும் தொடலை" என்றாள். அது நம் வழக்கம், உனக்கே தெரியும். கயிறு கட்டிய வாடியை உடையவர்கள் வந்து அவிழ்க்கிறவரை வேறு ஒரு கை தொடாது. தென்கரைத் தபால்காரர் செருகிவிட்டுப் போயிருக்கிறார், பத்துப் பேர் பார்த்திருக்கிறார்கள், நல்ல மனுஷர்களானதால் பத்துப் பேரும் தொடாமல் விட்டிருக்கிறார்கள். சவேரியம்மா சொன்ன அந்த நிமிஷமே அது என்ன காகிதம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீ வீட்டுக்குள்தான் இருந்தாய். சட்டையைத் தோய்த்துக்கொண்டிருந்தாய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஈரக்கையோடு ஓடியிருப்பாய்.

நான் சொல்லவில்லை.

ஏன் என்று கேட்பாய். நானும் நாலு வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன்னைப் படிக்கவைக்க வேண்டும் என்று உன் அய்யாவிடம் சண்டை போட்டவள் நான். அவருடைய அண்ணன் தம்பி எல்லோருடைய வாயிலும் விழுந்தவள் நான். ஆனால் அதற்கு முந்திய வாரம் நீ உன் சிநேகிதனிடம் வாசலில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். பி.எஸ்ஸி. முடிச்சுட்டா மெட்ராஸ், அப்புறம் இங்கன எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்டா, இந்த நாத்தத்துல மனுசன் இருப்பானா என்றாய். வயசுப் பிள்ளை வாய்க்கு வந்ததைப் பேசுகிறது என்று விட்டிருக்கலாம். விட முடியவில்லை. அந்த நாற்றம் என் மேல் அடிக்கிற நாற்றம்தானே. கோபமும் இருந்தது, அதைவிடப் பயம் அதிகம் இருந்தது. இரண்டு நாள் போகட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தேன். இரண்டு நாள் உன்னை வீட்டில் வைத்துக்கொள்ள வேறு வழி எனக்குத் தெரியவில்லை. நாலாம் நாள் மனசு கேட்காமல் தென்கரைக்கு நடந்தேன். தூரத்திலேயே தெரிந்தது, பழுப்பு நிற உறை, கதவு ஓலையில் பாதி உள்ளே பாதி வெளியே. கை நீட்டினால் எடுத்துவிடலாம். அங்கேயே நின்றேன். பிறகு சுள்ளி பொறுக்க வந்தவள்போல நாலு சுள்ளியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் நீ, எங்கேம்மா போன, முகமெல்லாம் வேர்த்திருக்கு என்று தண்ணீர் மொண்டு கொடுத்தாய். அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்தேன்.

ஒன்பதாம் நாள் போய் எடுத்தேன். அங்கேயே மணலில் உட்கார்ந்து பிரித்தேன். இங்கிலீஷில் இருந்தது, எழுத்துக் கூட்டிப் படித்தேன். விண்ணப்பதாரர் மூன்று பாகங்களிலும் தேறியிருப்பதால், இரண்டு தடவையில் தேறியது தடையில்லை. இன்டர்மீடியட் இரண்டு வருஷமும் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷத்தில் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இன்ன தேதிக்குள் அசல் டி.சி.யும் மார்க்குச் சீட்டுகளும் கொண்டு நேரில் வரவும், தவறினால் இடம் அடுத்தவருக்குப் போகும். அந்தத் தேதி முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அன்றைக்கே உன்னிடம் கொண்டுவந்து கொடுத்திருந்தால் நாமே நேரில் போய்க் காலில் கையில் விழுந்து கேட்டிருக்கலாம். கொடுத்திருப்பார்களோ என்னவோ. ஆனால் கொடுத்தால் நீ உறையைப் பார்ப்பாய், எங்கே கிடந்தது, எத்தனை நாள் கிடந்தது என்று கேட்பாய், சவேரியம்மா என்றைக்குச் சொன்னாள் என்பது வெளியே வரும். அந்தப் பயத்தில் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வந்து திரு இருதயப் படத்துச் சட்டத்துக்குப் பின்னால் செருகிவிட்டேன். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் எல்லோரும் அந்தப் படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டுச் செபமாலை சொன்னோமே, நீங்கள் படத்தைப் பார்த்தீர்கள், நான் அதன் பின்னால் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை நடுவில் நீ பொறுமை இழந்தாய். மதுரைக்கு வாங்க, நேரில் போய்க் கேட்போம் என்று உன் அய்யாவைக் கூப்பிட்டாய். அவர், "பதில் போடாதவன் வாசல்ல போயி நிக்கச் சொல்றியா? கடலு எங்கயும் போயிரலை, வாலே" என்றார். அவர் அப்படிச் சொன்னதும் நீ பேசியதை நான் இங்கே எழுத மாட்டேன். பிள்ளை தகப்பனிடம் பேசக்கூடிய பேச்சு இல்லை அது. நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு அடி எடுத்து வைத்து, நிறுத்துங்கள், குற்றம் என்னுடையது என்று சொல்ல எனக்குக் கால் வரவில்லை. மறுவாரம் நீ தூத்துக்குடிக்குப் போய் ஹார்பரில் மூட்டை எண்ணுகிற குமாஸ்தா வேலையில் சேர்ந்தாய். உன்னை என் பக்கத்தில் வைத்துக்கொள்ள நான் செய்த காரியம் உன்னை அங்கே கொண்டுபோய் வைத்தது. கிறிஸ்துமஸுக்கு வருகிறாய், இரண்டு நாள் இருக்கிறாய், அவரு சாப்பிட்டாரா என்று என்னிடம் கேட்கிறாய். அவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே என்னிடம் கேட்கிறாய்.

போன ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஐம்பது அருள்நிறை மந்திரம் சொல், பிள்ளையிடம் உண்மையைச் சொல் என்று அபராதம் விதித்தார். மந்திரத்தை அன்றைக்கே சொல்லி முடித்துவிட்டேன்.

இதற்கு நடுவில் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இருந்தாலும் சொல்கிறேன், தப்புச் செய்தவளுக்குத்தான் அந்தத் தப்பின் நீள அகலம் தெரியும். பதில் வரவில்லை என்றால் மறுத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளாதே. நடுவில் ஒரு காற்று இருக்கலாம், ஒரு கயிறு கட்டிய கதவு இருக்கலாம், பெற்றவளே நின்றுகொண்டிருக்கலாம். போய்க் கேள். வெட்கப்படாமல் கேள். நம் ஆட்களுக்கு வள்ளத்தை அலைக்குள் தள்ளப் பயமில்லை, ஒரு ஆபீஸ் படி ஏறப் பயம். அந்தப் பயத்தைத்தான் நீ இப்போது பிலோமிக்குச் சீதனமாக அனுப்பியிருக்கிறாய். அவளும் பி.யு.சி.யில் இங்கிலீஷ் மட்டும் செப்டம்பரில் எழுதித்தான் தேறினாள். அவள் படித்த காலேஜிலும் பி.யு.சி.யோடு படிப்பு முடிந்தது, உன்னைப் போலவே வேறு காலேஜுக்கு மாற வேண்டியவள். உனக்கு மறுப்பு வந்திருந்தால் நீ அவளைத் தடுத்தது நியாயம். உனக்கு மறுப்பு வரவே இல்லையே.

நேற்று கான்வென்ட் மதரிடம் போய் யாருக்கோ கேட்கிறவள்போலக் கேட்டேன். நாலு வருஷத்துக்கு முந்தி இன்டர் பாஸ் செய்த பையனுக்கு அது இன்னும் செல்லுமா என்று. அவர் சிரித்தார். பாஸ் செய்தது கருவாடா கெட்டுப்போக, எத்தனை வருஷமானாலும் பாஸ்தான், டி.சி.யும் மார்க்குச் சீட்டும் பத்திரமாக இருந்தால் இந்த வருஷமே இரண்டாம் வருஷத்துக்கு எழுதிக் கேட்கலாம் என்றார். இடம் கிடைக்குமா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கேட்கலாம் என்பது மட்டும் தெரியும்.

இவ்வளவையும் எழுதித் தபாலில் போடுவதாகத்தான் இருந்தேன். இன்று வெள்ளிக்கிழமை. காலையில் உன் அய்யா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நான் கடிதத்தை எடுப்பதும் வைப்பதும், வாசலுக்குப் போவதும் வருவதுமாக இருந்ததைப் பார்த்துவிட்டு, "என்னடி ரெண்டு நாளா குட்டி போட்ட பூனையாட்டம் சுத்துற?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அதிலேயே நான் உடைந்துவிட்டேன். படத்துக்குப் பின்னால் இருந்த உறையை எடுத்து அவர் முன்னால் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையைக் கழுவினார். அதைப் படி என்றார். தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தேன்.

"அப்ப அவனை எடுத்துக்கிட்டாங்களா?"

"ஆமா."

"ரெண்டாம் வருசத்துக்கேவா?"

"ஆமா."

ரொம்ப நேரம் உறையின் மேல் இருந்த முத்திரையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். "நான் அந்த ஒண்ணரை மாசமும் பாம்பன் தபாலாபீஸ்ல போயி நின்னேன்டி. மீனை ரயிலுக்கு ஏத்திவிட்டுட்டு நெதமும் போவேன். சூசைக்கு ஏதும் வந்துருக்கான்னு கேப்பேன். ஒருநா அந்த ஆளு, ஒங்களுக்கெல்லாம் எந்தக் காலேசுய்யா காயிதம் போடுவான்னு சிரிச்சான். அன்னைக்கு வந்துதான் அவங்கிட்ட அப்படிப் பேசுனேன்."

எனக்கு இது தெரியாது, சூசை. என்னிடம்கூட அவர் சொன்னதில்லை. நான் தென்கரையில் சுள்ளி பொறுக்கிக்கொண்டு திரும்பிய அன்றும் அவர் அங்கே போய் நின்றிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பிலோமியைக் கூப்பிட்டு, பெட்டியில் இருக்கிற ஃபார்மை எடுத்துக் கொண்டுபோய்த் தபாலில் சேர்த்துவிட்டு வா என்றார். என்னைப் பார்க்காமல், "எழுதுனதைத் தா. நாங் கொண்டு போறேன்" என்றார். தூத்துக்குடிக்கு அவர் போனதே இல்லை. எங்கே ரயில் மாற வேண்டும் என்று பிலோமி நாலு தடவை சொல்லிக்கொடுத்தாள். வாசலில் நின்றுகொண்டிருக்கிறார், அவசரமாக முடிக்கிறேன்.

ஆக, இதை உன் கையில் கொடுத்தவர் அவர்தான். நீ வாங்கிப் பிரித்திருப்பாய். இதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், ஆனால் எந்த வரியில் இருக்கிறாய் என்று தெரியாது, அவருக்கு எழுத்து தெரியாது. உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். நீ சொல்லாமல் உட்கார மாட்டார். என்னை அப்புறம் திட்டிக்கொள்ளலாம், ஆயுசுக்கும் திட்டு. இப்போது தலையை நிமிர்த்தி, அவரை உட்காரச் சொல்.

உன்
அம்மா